காலடி மண்
திருச்சிராப்பள்ளியும் சிற்றுருவ வண்ணக்கலையும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் அபிரக (மைக்கா) தகடுகளில் மனிதர்களைத் தீட்டி விற்றார்கள். தகடு உள்ளங்கையில் அடங்கும். ஒன்றில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண், இன்னொன்றில் பல்லக்குத் தூக்கிகள், மற்றொன்றில் தச்சர், வேறொன்றில் வாகனத்தில் எழுந்தருளும் சாமி. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். ஊருக்குக் கப்பலேறும்போது தொகுப்புத் தொகுப்பாக வாங்கிப் போனார்கள். அப்படிப் போனவற்றில் பல இன்று லண்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன.

கலை வரலாற்றாளர்கள் இவற்றைக் கம்பெனி ஓவியம் என்ற வகையில் சேர்த்து, உடை, தொழில், சாதி பற்றிய ஆவணமாகப் படித்திருக்கிறார்கள். நான் இங்கே பேச விரும்புவது அந்த மனிதர்களின் காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றி. இந்த வகை அபிரகப் படங்களில் பெரும்பாலும் பின்னணி கிடையாது. வானம், வீடு, மரம் எதையும் தீட்டாமல் தகட்டை அப்படியே ஒளி ஊடுருவ விட்டுவிடுவார்கள். காலடியில் மட்டும் ஒரு துண்டு நிலம் இருக்கும்: பழுப்பில் ஒரு பட்டை, அதன்மேல் நாலைந்து பச்சைத் தீற்றல், சில நேரம் ஒரு சிறு நிழல். உருவம் அந்தரத்தில் மிதக்காமல் ஓர் ஊரில் நிற்க அது போதுமானதாக இருந்தது.

மேசைப் போர் விளையாட்டுக்காக உலகெங்கும் வண்ணம் தீட்டப்படும் மினியேச்சர்களைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இது உடனே பிடிபடும். 28 மில்லிமீட்டர் உயர வீரன் ஒருவன், 25 மில்லிமீட்டர் வட்டத் தட்டு ஒன்றின்மேல் நிற்பான். அந்தத் தட்டில் பசை தடவி, மணல் தூவி, புல் ஒட்டி, நிலம் போலச் செய்வதை ‘பேஸிங்’ என்பார்கள். பெரும்பாலோர் உருவத்துக்கு வாரக்கணக்கில் உழைத்துவிட்டுத் தட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். உருவத்தை எங்கிருந்தும் வாங்கலாம். அது நிற்கும் மண்ணைச் செய்பவர் தன் ஊரைக் கவனித்திருக்க வேண்டும். திருச்சிக்கு அந்தக் கவனம் நெடுநாளாக உண்டு. அது அபிரகத் தகட்டிலும் இருக்கிறது, நவராத்திரிக் கொலுவிலும் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் தந்தையும் மகனும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ அதிகாரிகளின் பயிற்சிக்கானது. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. விலை இறங்கியது, 54 மில்லிமீட்டர் வீரர்கள் குழந்தைகளின் கைக்கு வந்தார்கள். 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ வந்தது. 1975இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப் 1983இல் ‘வார்ஹாமர்’ விளையாட்டை வெளியிட்டது. அதன் பிறகு வண்ணம் தீட்டுவது விளையாட்டிலிருந்து பிரிந்து தனிக்கலையாகவே வளர்ந்துவிட்டது.

அந்தக் கலையின் முதல் பிரச்சினை வெளிச்சம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்தில் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால், 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராஜகோபுரம் எதிரே வரும். 1987இல் கட்டி முடித்துக் குடமுழுக்குச் செய்த கோபுரம் அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோபுரம் ஒன்றில் இரண்டு மீட்டர் உயரச் சுதைச் சிற்பம் இருக்கிறது. அதை 60 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். 28 மில்லிமீட்டர் வீரனை 84 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து பார்க்கிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு. எனவே சுதைக்கு வர்ணம் அடிப்பவரும் மினியேச்சர் தீட்டுபவரும் தீர்க்க வேண்டிய சிக்கலும் ஏறக்குறைய ஒன்றே: புருவம் தடித்திருக்க வேண்டும், கண் பெரிதாக இருக்க வேண்டும், ஆடையின் ஓரம் தெளிவாகப் பிரிய வேண்டும்.

ஆனால் கோபுரத்துக்குச் சூரியன் துணை நிற்கிறது. கிழக்கே உள்ள வெள்ளைக் கோபுரத்தில் வண்ணமே இல்லாமல் வெயிலும் நிழலும் மட்டுமே வடிவத்தைக் காட்டுகின்றன. மினியேச்சரை நாம் பார்ப்பதோ நான்கடி டியூப்லைட்டின் கீழே. அவ்வளவு நீளமான விளக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளியைக் கொட்டுவதால், அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள ஆடை மடிப்பில் நிழல் நிற்பதில்லை. அந்த நிழலைத் தீட்டுபவரே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் ‘வாஷ்’: தண்ணீராக இளக்கிய கரும்பழுப்பை மேலே பரப்பினால் அது தானாக ஓடி மடிப்புக்குள் போய்த் தங்கும். அடுத்தது ‘டிரை பிரஷ்’: தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த முனையால் லேசாக வருடினால் மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும். இரண்டையும் செய்தபின் அந்த உருவத்தின்மேல் ஒரு கற்பனைச் சூரியன் நிரந்தரமாக நின்றுவிடும்.

கண் எழுதுவதில் ஒரு வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது. நம் பொம்மைக் கலைஞர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். பட்டறையில் கைதேர்ந்தவர் அதற்காகவே காத்திருப்பார். மினியேச்சர் தீட்டுபவர்களில் பலர் கண்ணில்தான் தொடங்குகிறார்கள். 28 மில்லிமீட்டர் உருவத்தில் கண் அரை மில்லிமீட்டர்கூட வராது. முதலில் வெள்ளைக் கோடு, அதன் நடுவில் கருப்புப் புள்ளி. புள்ளி மேலிமையையும் கீழிமையையும் தொட வேண்டும். தொடாவிட்டால் வீரன் திடுக்கிட்டு விழித்தவனாகிவிடுவான். பிசகினால் சுற்றியுள்ள தோல்நிறத்தைப் பின்னால் பூசிச் சரிக்கட்டலாம் என்பதால் கண் முதலில். உயிர் கொடுக்கும் சடங்காக இங்கே நிற்பது அங்கே திருத்த வசதிக்கான ஒழுங்காகிவிட்டது. இரண்டு முறைகளிலும் நான் தீட்டிப் பார்த்திருக்கிறேன். கண்ணைக் கடைசிக்கு வைக்கும்போது முகம் முழுவதையும் அந்தக் கண்ணுக்காகவே தயார் செய்கிறோம் என்ற நிதானம் வருகிறது. அது வீணான நிதானம் இல்லை.

அடுத்தது நிறம் ஒட்டுவது. அபிரகம் வழவழப்பானது, எதையும் உறிஞ்சாது. அதனால் பழைய அபிரகப் படங்களில் நிறம் செதில் செதிலாக உரிந்திருப்பதைக் காணலாம். மினியேச்சர்களின் பிளாஸ்டிக்கும் ரெசினும் இதே குணம் கொண்டவை. அவற்றை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த பிசுக்கைப் போக்கி, ‘பிரைமர்’ அடித்துத்தான் வண்ணத்தைத் தொட வேண்டும். நம் பொம்மைகளுக்கு இந்த வேலையைச் செய்வது வெள்ளைப் பூச்சு. காகிதக்கூழ் பொம்மையை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்து அரைத்த காகிதத்தோடு சாக்பவுடரும் பசையும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி எடுத்து, பாதிகளை இணைத்து, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, மேலே வெள்ளை அடிப்பார்கள். வெள்ளைக்கு மேல் விழும் மஞ்சளும் சிவப்பும்தான் பளிச்சென்று நிற்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி மக்கு பூசித் தேய்ப்பதும் இதே அறிவுதான். அந்த ஓவிய மரபில் தஞ்சை, திருச்சி ராஜு சமூக ஓவியர்களின் பங்கு பெரிது.

மினியேச்சர் பற்றிய வழிகாட்டிகள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. திருச்சிக்கு அவற்றைத் திருத்தித்தான் படிக்க வேண்டும். மே மாதம் இங்கே வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே தோல் கட்டிவிடும். ஒரு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை விரித்து அதன்மேல் பேக்கிங் தாளைப் போட்டு, தாளின்மேல் வண்ணத்தைக் கலந்தால் மணிக்கணக்கில் இளகியிருக்கும். அங்கே இது வசதி. இங்கே இது இல்லாமல் வேலையே ஓடாது. வெயிலில் ஸ்பிரே அடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து, உருவத்தின்மேல் தூசியாகப் படியும். ஐப்பசி அடைமழையில் மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் வேறு விபரீதம்: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வார்னிஷுக்குள் வெண்புகை போலச் சிக்கிக்கொள்ளும். பல நாள் வேலை ஒரு நொடியில் வெளுத்துப்போகும். மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு முற்பகலுக்குக் காத்திருப்பது, அல்லது ஸ்பிரேயை விட்டுவிட்டுத் தூரிகையால் வார்னிஷ் பூசுவது, இவையே இங்கே சரிப்படும்.

இனிக் காலடி மண்ணுக்கு வருவோம்.

நவராத்திரி நெருங்கும்போது மலைக்கோட்டைக் கடைவீதிகளிலும் ஸ்ரீரங்கத்திலும் பொம்மைக் கடைகள் பெருகும். சிங்காரத்தோப்புப் பூம்புகார் கைவினை விற்பனையகத்தில் கொலுக் கண்காட்சி வைப்பார்கள். கல்யாண செட், வளைகாப்பு செட், கிரிக்கெட் செட், பேண்டு வாத்திய செட் என்று செட்டாகத்தான் விற்பனை. செட்டியாரும் செட்டிச்சியும் மளிகையோடு உட்கார்ந்திருப்பார்கள். மரப்பாச்சி ஜோடிக்கு வீட்டிலேயே பட்டுத் துணி கட்டுவார்கள். கொலுப் படிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். படிக்குக் கீழே தரையில் போடும் ‘பார்க்’ பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. ஏனென்றால் படியில் பொம்மைகள் வரிசையில் நிற்கின்றன. பார்க்கில்தான் அவை ஓர் ஊருக்குள் வருகின்றன.

ஒரு பார்க்கைக் கிட்டத்தில் பார்ப்போம். பழைய மரப்பலகை ஒன்று, அதைச் சுற்றிச் செங்கல் வரம்பு, உள்ளே இரண்டு விரற்கடை மண். நவராத்திரிக்கு நாலைந்து நாள் முன்னாலேயே கேழ்வரகையும் கடுகையும் ஊறவைத்து, பரவலாகத் தூவி, ஈரத் துணி போட்டு மூடிவிடுவார்கள். முளைவிட்டதும் துணியை எடுத்துவிட்டுக் கையால் தண்ணீர் தெளிப்பார்கள். குவளையால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். கடுகு முந்திக்கொள்ளும். அதன் முதல் இலைகள் இரண்டும் அகன்று விரிந்து, தோட்டத்துச் செடி மாதிரி இருக்கும். கேழ்வரகு ஊசியாக எழும்பும்; அது வயல். எனவே விவரம் தெரிந்த வீடுகளில் இரண்டையும் கலந்து தூவ மாட்டார்கள். குளத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் விளிம்பு தெரியாமல் மணலைச் சரித்துவிட வேண்டும். சாலைக்குச் சலித்த செங்கல் பொடி. மலைக்குக் கசக்கிய பிரவுன் தாள், அல்லது தெர்மாகோல் வெட்டி மண்ணைக் கரைத்துப் பூசியது. மலையென்றால் திருச்சி வீட்டுக்காரர்களுக்கு மலைக்கோட்டைதான். உச்சியில் ஒரு பிள்ளையார் ஏறிவிடுவார்.

இதில் அளவு விகிதம் பற்றிய அறிவு ஒளிந்திருக்கிறது. பார்க்கில் நிற்கும் உழவர் பொம்மை 10 சென்டிமீட்டர் என்றால், அது உண்மை மனிதரில் ஏறக்குறைய 16இல் ஒரு பங்கு. 3 சென்டிமீட்டர் கேழ்வரகு முளை அவருக்கு அரை மீட்டர் உயரப் பயிர். முழங்காலளவு வயலில் நிற்கிறார். சரியாக இருக்கிறது. அதே முளையை 28 மில்லிமீட்டர் வீரனுக்குப் பக்கத்தில் வைத்தால் 1.68 மீட்டர் ஆகிவிடும். அவன் கரும்புத் தோட்டத்துக்குள் காணாமல் போவான். அவனுக்கு 2 மில்லிமீட்டர் செயற்கைப் புல்லே 11 சென்டிமீட்டர் புல்வெளி. நவராத்திரி எட்டாம் நாள், ஒன்பதாம் நாளில் முளை நெட்டையாக வளர்ந்து சாயத் தொடங்கும்போது, கத்தரிக்கோலால் நுனியை ஒட்ட வெட்டும் பாட்டிமார் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே போட்டவர்கள்.

மணலிலும் இதே கணக்குதான். காவிரி மணலின் அரை மில்லிமீட்டர் பரல் ஒன்றை 28 மில்லிமீட்டர் வீரனின் காலடியில் வைத்தால், அவனுக்கு அது 28 மில்லிமீட்டர் கல், எலுமிச்சம்பழ அளவு. எனவே காவிரி மணலை அப்படியே ஒட்டினால் கிடைப்பது சரளை நிலம்தான். காவிரிப் படுகையைக் காட்ட வேண்டுமானால் மணலை மெல்லிய துணியில் சலித்து, கீழே விழும் மாவை எடுக்க வேண்டும். அதற்கும் மேல் வண்டல் பொடியைத் தேய்க்க வேண்டும். சலித்து மேலே நின்றதை வீணாக்க வேண்டாம், அது பொன்மலைப் பக்கத்துப் பாறைச் சரிவுக்கு ஆகும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்வரக்கூடிய கடைகளில் இதற்கு வேண்டிய பசை, சல்லடைத் துணி, செங்காவி, மரத்தூள் எல்லாம் கிடைக்கும். புட்டியில் அடைத்து வரும் இறக்குமதி ‘பாலைவன மண்’ நமக்கு அவசியமில்லை.

உருவத்தையே நுண்ணிய அளவில் செய்யும் திறமும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. நெட்டித் தண்டின் வெள்ளைச் சோற்றைச் சீவிக் கோயில் மாதிரிகள் செய்யும் கலை 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலை என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பமும் பெற்றது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு முன்பே கிடைத்துவிட்டது. பார்க் போடும் கலைக்குக் குறியீடு கிடைக்கப் போவதில்லை. விஜயதசமி முடிந்ததும் பொம்மைகள் பழைய துணியில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகும். பார்க் பூந்தொட்டியில் கொட்டப்படும். லண்டன் வரை போய்ப் பாதுகாக்கப்பட்ட அபிரகப் படத்தின் அந்த நிலத்துண்டுக்கு வாய்த்த அக்கறை, பெண்களும் பிள்ளைகளும் செய்த இந்த நிலத்துக்கு வாய்க்கவில்லை. ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஒவ்வொரு நவராத்திரிக்கும் சில பார்க்குகளை மேலிருந்து நேராகப் படமெடுத்து, என்ன விதை, என்ன மண், எத்தனை நாள் என்று குறித்து வைத்தாலே நல்ல ஆய்வுப் பொருளாகும். திருச்சிக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

போர் விளையாட்டுக்காரர்களுக்குத் திருச்சி அந்நியமான ஊரும் அல்ல. சத்திரத்துக்குப் பக்கத்து மெயின்கார்டு கேட், இன்றைய மேற்கு புலிவார் சாலையாகிவிட்ட பழைய அகழி, இவையெல்லாம் கர்நாடகப் போர்களின் களம். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா, ஸ்ரீரங்கம் தீவில் சரணடைந்தார். பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1753இல் ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படை பிரெஞ்சு, மைசூர், மராத்தியப் படைகளோடு ஜூனில் பொன்மலையிலும், செப்டம்பரில் சர்க்கரைக் கூம்புப் பாறை என்று ஆங்கிலேயர் அழைத்த குன்றருகிலும் மோதியது. ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிடத் தொடங்கிய வரலாற்று நூல் இந்தக் களங்களை விரிவாக வர்ணிக்கிறது. அதில் ‘எலிமிசெரம்’ என்று வருவது திருவெறும்பூர் எறும்பீசுவரர் மலை. ‘வேகொண்டா’ என்பது உய்யக்கொண்டான்.

இந்தச் சண்டைகளை 28 மில்லிமீட்டரில் அமைப்பவர் இரண்டு இடங்களில் வழுக்கி விழலாம். ஒன்று சிப்பாய்களின் உடை. சென்னைச் சிப்பாய்ப் படைகள் முறையான பட்டாலியன்களாக ஒழுங்குபட்டது 1750களின் கடைசியில்தான். 1753இன் சிப்பாய்களை வரிசையாகச் சிவப்புக் கோட்டில் நிறுத்துவது காலப்பிழை. வெள்ளைத் தலைப்பாகை, இடுப்புத்துணி, பலவிதப் பழுப்புகள் என்று ஆளுக்கு ஆள் மாற்றித் தீட்ட வேண்டும். மற்றொன்று நிலம். கடையில் வாங்கும் புல் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலத்துப் பச்சை. அதை ஒட்டினால் லாரன்ஸின் வீரர்கள் பொன்மலையில் ஏறுவதற்குப் பதிலாகத் தங்கள் சொந்த ஊரிலேயே நடந்துகொண்டிருப்பார்கள்.

ஜூன் சண்டைக்குச் செம்மண்ணோடு சலித்த பரலைக் கலந்து, காய்ந்த வைக்கோல் நிறத்தில் புல்லை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தால் போதும். தாராளமாகப் புழுதி வேண்டும், அதுவும் வீரர்களின் முழங்கால் வரை, ஏனென்றால் அது ஆடிக்காற்றுக்கு முந்திய கோடை வறட்சி. பாறைக்குக் கரும்பழுப்பில் தொடங்கி, சாம்பல் கலந்த வெளிர் மண்நிறத்தை டிரை பிரஷ் செய்து, மழைநீர் வழிந்த கருங்கோடுகளை மேலிருந்து கீழாக வாஷில் இறக்க வேண்டும். இதற்கு மலைக்கோட்டைப் பாறையை எந்த நாளும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். செப்டம்பர் சண்டைக்கு அதே செம்மண்தான், ஆனால் மாலை இடிமழைகள் தொடங்கிவிட்ட மாதம். தட்டின் பள்ளங்களில் ஈரமண்ணின் கருநிறத்தையும், அவற்றின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் இளம்பச்சையையும் சேர்க்க வேண்டும். வடக்குப் பக்கம் காவிரியை அமைப்பவர் இரண்டு சண்டைக்கும் ஒரே ஆற்றைப் போடக்கூடாது. மேட்டூர் அணை வந்தது 1934இல். அதற்கு முன் ஜூனில் புதுவெள்ளம் வரத் தொடங்கும் நாட்களில் மணல்திட்டுகள் பல இடங்களில் வெளியே தெரியும், செப்டம்பரில் தண்ணீர் கரையை ஒட்டி, வண்டல் கலந்த செம்பழுப்பில் ஓடும். வார்னிஷ் ஊற்றி ஆறு செய்பவர்கள் அதில் துளி நீலம்கூடச் சேர்க்க வேண்டாம்.